உள்ளே பார்த்தாச்சா?

சோபாக்காரருக்குக் கை, கால், மூக்கு மாதிரி வயிற்றெரிச்சலும் கூடவே பிறந்தது. பக்கத்துக் கடைக்காரர் புதுக் குடை வாங்கினால், தன் குடையில் இருக்கும் ஓட்டை அன்றைக்குத்தான் இவர் கண்ணில் படும். ஆனால் இந்தச் சில்லறை எரிச்சலையெல்லாம் கூட்டி ஒரு தட்டில் வைத்து, மனைவியின் அத்தை மகன்மேல் இருந்த எரிச்சலை மறுதட்டில் வைத்தால், இரண்டாவது தட்டு தரையில் போய் உட்கார்ந்துவிடும்.

அந்த அத்தை மகன் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். கப்பல் அத்தான் என்றால் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சோபாக்காரர் மனைவிக்கு ஒரு காலத்தில் அவரைத்தான் பேசி வைத்திருந்தார்கள். அவர் கப்பலேறிப் போனார், பேச்சு நின்றது, பிறகு சோபாக்காரர் பெண் கேட்டு வந்தார். ஆக, முதல் பந்தி எழுந்து போன இலையில் உட்கார்ந்தவன் தான் என்பது சோபாக்காரரின் முடிவான எண்ணம். இதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தானே கணக்குப் போட்டு, தானே விடையும் எழுதிக்கொண்டார். அத்தான் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதது அந்த விடைக்கு அடிக்கோடு போட்ட மாதிரி ஆயிற்று. கப்பல் வேலைக்குக் குடும்பம் ஒத்து வராது என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். சோபாக்காரர் நம்பினால்தானே.

போதாததற்கு உறவுமுறை வேறு கழுத்தை அறுத்தது. சோபாக்காரரின் ஒரே மகள் அவரைப் பெரியப்பா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். சோபாக்காரர் அவரை அண்ணன் என்று கூப்பிட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. “வாங்க”, “சரிங்க”, “அப்புறம்?” என்று முகவரி எழுதாத கடிதம் மாதிரியே பேசிச் சமாளித்து வந்தார். அவர் கடலில் இருந்தவரை அது சுலபமாகவும் இருந்தது. ஓய்வு பெற்று, மூன்று தெரு தள்ளி வீடு வாங்கி, இரண்டு நாய்களோடு குடியேறியதும்தான் எரிச்சல் நடந்து வரும் தூரத்துக்கு வந்துவிட்டது.

அந்த நாய்களில் ஒன்றால்தான் இந்தக் கதை.

வீட்டை ஒட்டிய கொட்டகைதான் சோபாக்காரரின் பட்டறை. பழைய சோபாக்களைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, பஞ்சு மாற்றி, புதுத் துணி போர்த்திக் கொடுப்பார். துணி வெட்டுவதும் தைப்பதும் மனைவி. இருவருக்கும் பேச்சு அதிகம் தேவைப்படாது. அவர் கையை நீட்டினால் கத்தரி வரும். அவள் நிமிர்ந்தால் அவர் துணியின் மறுமுனையைப் பிடிப்பார். ஆனால் ஒரு பேச்சு மட்டும் தப்பாமல் நடக்கும். சோபாவின் பின்பக்கத் துணியை அடிப்பதுதான் கடைசி வேலை. அதை அடித்துவிட்டால் முதுகுக்கும் பின்துணிக்கும் நடுவே உள்ள பொந்து உலகத்துக்கு மூடிப்போகும். கல்யாணமான புதிதில் ஒரு வக்கீலின் நாற்காலிக்குள் நல்ல கத்தரி ஒன்றை வைத்துத் தைத்துவிட்டார்கள். வக்கீல் உட்காரும்போதெல்லாம் அது கிணுகிணு என்று பேசியது. அன்றிலிருந்து மனைவி உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்க்காமல் அவர் பின்துணியை அடிப்பதில்லை.

“உள்ளே பார்த்தாச்சா?” என்பார்.

“பார்த்தாச்சு” என்பாள்.

அதற்குப் பிறகுதான் டப் டப் என்று ஸ்டேப்ளர் பின் அடிக்கும் துப்பாக்கி பேசும்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. நாய் வளர்க்கலாம் என்றாள் மனைவி. தையல் மெஷினுக்கு அடியில் படுக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். ஆனால் எந்நேரமும் காலை நக்கிக்கொண்டு, வாலாட்டிக்கொண்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற சாதி வேண்டாம், அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது, தனக்கென்று கொஞ்சம் புத்தி உள்ளதாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு நாய்கள் வரிசையில் வந்து நின்றன.

ஒன்று, கப்பல் அத்தானின் டாஷ்ஹண்ட். பெயர் பென்சில். உடம்பு நீளம், கால் குட்டை, காது இரண்டும் மடித்துத் தொங்கவிட்ட திரைச்சீலை. அவரிடம் இருந்த இரண்டு ஆண் நாய்களும் ஒன்றை ஒன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்ததால் ஒன்றைக் கொடுத்துவிட நினைத்தார். மற்றது, பல் டாக்டர் அம்மாவின் லாசா ஆப்சோ. அந்த அம்மாவிடம் தாயும் மகளுமாக இரண்டு இருந்தன. மகளைத் தருவதாகச் சொன்னார். தலையிலிருந்து தரை வரை முடி. அந்த முடிக்குள் எங்கோ இருந்து அது உலகத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் பெயர் மேடம். வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தியிருக்காது.

டாக்டர் அம்மாவின் கிளினிக் வீட்டின் முன்னறையில்தான். நோயாளிகள் காத்திருக்கும் பெரிய சோபா பட்டறைக்கு வந்திருந்தது. அளவெடுக்கப் போன இடத்தில்தான் மேடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கூப்பிட்டால் வருமா என்று சோபாக்காரர் கேட்டார். யோசிக்கும் என்றார் டாக்டர் அம்மா. திபெத்தில் பெரிய பெரிய மடாலயங்களுக்குள்ளே காவலுக்கு வளர்த்த சாதியாம். சும்மா குரைக்காது, ஆனால் வீட்டுக்குள் இருக்கக் கூடாதது ஒன்று இருந்தால் விடாது என்றார்.

அத்தானிடம் மனைவி அதே கேள்வியைக் கேட்டாள். அவர் சிரித்தார்.

“ஒரு தடவை கூப்பிடு. வந்தா வந்துச்சு. வரலைன்னா அதுக்கு வேற வேலை இருக்குன்னு அர்த்தம். வளைக்குள்ள புகுந்து வேட்டையாடறதுக்குன்னே வளர்த்த சாதி இது. இடுக்கைக் கண்டா விடாது. உள்ளே போயிட்டா, அதுவா நினைச்சாத்தான் வெளிய வரும்.”

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சோபாக்காரருக்கு விளங்கவில்லை. தான் சொல்கிற நகைச்சுவைக்கு அவள் பல் தெரியச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தார். தான் நகைச்சுவை சொல்லியே வெகு காலம் ஆயிற்று என்பது அவர் யோசனையில் வரவில்லை.

இரண்டையும் ஆளுக்குக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்று ஏற்பாடு. முதலில் மேடம் வந்தது. வந்த அன்றே வாசற்படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்வையிட்டது. சோபாக்காரர் பிஸ்கட் நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டு, விலை படியாத வாடிக்கையாளர் மாதிரி திரும்பிக்கொள்ளும். அவருடைய செருப்பில் ஒன்றைக் கடித்து, அதில் ருசி கண்டு, மற்றதையும் கடித்தது. அவர் கரித்துக் கொட்டினார். மேடம் தன் வீட்டுக்குத் திரும்பிப் போன அன்று வீட்டைப் பிடித்த சனி விட்டது என்றுகூடச் சொன்னார்.

பிறகு பென்சில் வந்தது. அன்றிலிருந்து சோபாக்காரருக்கு மேடத்தின் அருமை தெரிய ஆரம்பித்தது.

பென்சில் நேராகத் தையல் மெஷின் அடியில் போய், விழுந்து கிடந்த துணித் துண்டுகளைக் கால்களால் பறித்து, அதற்குள் புதைந்து, மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிய உறங்கிப்போனது. கூப்பிட்டால் ஒரு கண்ணைத் திறக்கும். பார்க்கும். மூடிக்கொள்ளும். “திமிரைப் பாருங்களேன்” என்று மனைவி பூரித்துப்போனாள். இதே திமிரை இவர் காட்டியபோது அவள் ஒரு நாளும் பூரித்ததில்லை. தவிர, சாயங்காலமானால் போன் வேறு. “அத்தான், இன்னிக்குச் சாதம் சாப்பிடல.” “அத்தான், காதைச் சொறியுது.” ஒரு நாய் சொறிவதற்கெல்லாம் போனா என்று இவர் உள்ளுக்குள் புழுங்கினார். அந்த ‘அத்தான்’ என்ற வார்த்தையை அவள் சொல்லும்போது அதில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை கூடுதலாக விழுவதாக இவர் காதுக்குப் பட்டது. உப்பு விழுந்திருந்தாலும் இவர் காதுக்குச் சர்க்கரையாகத்தான் பட்டிருக்கும்.

சாப்பிடும்போது மேடத்தின் புகழ் பாட ஆரம்பித்தார். என்ன கம்பீரம், என்ன அடக்கம், முடி எவ்வளவு அழகு என்றார். உங்கள் செருப்பைத் தின்றதே என்றாள் மனைவி. பழைய செருப்புதானே, அதற்கும் வயதாகிவிட்டது என்றார். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சோபாவை டாக்டர் அம்மாவுக்குக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் வினை வெடித்தது. மனைவி அத்தானோடு போனில் பேசிச் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“உனக்கு நாய் மேல ஆசையா, இல்ல நாயைக் குடுத்தவர் மேலயா?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன பயன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. துணியை மடித்தாள், மெஷினுக்கு உறை போட்டாள், உள்ளே போனாள். திட்டியிருந்தால் இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் அது திட்டுவதைவிட நீளமானது என்று இவருக்கு அனுபவம்.

மறுநாள் காலையிலும் பேச்சில்லை. காபி வந்தது, ஆனால் ‘காபி’ என்ற சொல் வரவில்லை. அவள் மெஷினில் உட்கார்ந்து வேறொரு வீட்டுத் திரைச்சீலையைத் தைக்க ஆரம்பித்தாள். பட்டறையில் டாக்டர் அம்மாவின் சோபா, பின்பக்கத் துணி மட்டும் பாக்கி என்ற நிலையில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பென்சில் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சோபாக்காரர் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அத்தான் வீடு மூன்று தெரு தள்ளித்தானே. கேட்டைத் திறந்து வைத்தால் நாய் தானாகப் பழைய வீட்டுக்குப் போய்விடும். யாரும் விரட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை. அதற்கே நம் வீடு பிடிக்கவில்லை பார் என்று சொல்லிவிடலாம். பிறகு மேடம் வரும், அத்தானுக்குப் போன் போகாது.

கேட்டுக்குப் போய்க் கொண்டியை மெல்லத் தூக்கினார். எவ்வளவு மெல்லத் தூக்கினாலும் கிறீச் என்று கத்தும் கொண்டி அது. எண்ணெய் போடுங்கள் என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தாள். நல்லவேளையாக மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து வைத்தார். பென்சில் எழுந்து போய்த் திறப்பில் நின்றது. தெருவை இந்தப் பக்கம் முகர்ந்தது, அந்தப் பக்கம் முகர்ந்தது. போவதைக் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று சோபாக்காரர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். தாகம் இல்லாத தண்ணீர் தொண்டையில் நின்று நின்று இறங்கியது. திரும்பி வந்து பார்த்தபோது வாசலில் நாய் இல்லை. கேட்டைச் சாத்தினார். ‘அப்பாடா’ என்றுதான் முதலில் தோன்றியது. தெருவில் வண்டி வருமே, அது ரோட்டைக் கடக்கத் தெரிந்த நாயா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

வேலையில் புகுந்தால் மறந்துவிடும் என்று பட்டறைக்குப் போனார். பின்துணியை இழுத்துப் பிடித்தார். ‘உள்ளே பார்த்தாச்சா’ என்று வாய் வரை வந்தது. அவள் முதுகைப் பார்த்தார். நானாகப் போய்ப் பேசுவதா, எனக்கென்ன தலையெழுத்தா என்று டப் டப்பென்று அடித்து முடித்துவிட்டார். கடைசிப் பின் அடிக்கும்போது உள்ளே ஏதோ சரசரத்தது. புது ஸ்பிரிங், உட்காருகிறது என்று நினைத்துக்கொண்டார். வண்டிக்காரர் வந்து ஒரு பக்கம் தூக்கியபோது, போன தடவையைவிடக் கனமாக இருக்கிறதே என்றார். நல்ல பஞ்சு வைத்தால் அப்படித்தான் இருக்கும் என்று சோபாக்காரர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

வண்டி போய்ச் சற்று நேரம் கழித்து மனைவி நாய்ச் சோற்றுக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். கூப்பிட்டாள். மெஷின் அடியில் பார்த்தாள், கட்டில் அடியில் பார்த்தாள், துணி மூட்டைகளையெல்லாம் உதறினாள். அது கூப்பிட்டால் வருகிற நாயும் இல்லையே. தெருமுனை வரை ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டாள். அந்த நேரத்தில்கூட, என்னைக் கேட்காமல் அவரைக் கேட்கிறாள் பார் என்று சோபாக்காரருக்கு எரிந்தது.

அத்தான் காரில் வந்து இறங்கினார். தன் வீட்டுப் பக்கம் பென்சில் வரவே இல்லை, வழியெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வந்தேன் என்றார். சோபாக்காரருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. அங்கேயும் போகவில்லை என்றால் எங்கே போயிற்று? கண்ணுக்கு முன்னால் பெரிய ரோடும் அதில் ஓடுகிற லாரிகளும் வந்து போயின.

“கேட் தெறந்திருந்துச்சா, தம்பி?” என்று கேட்டார் அத்தான்.

“சாத்தித்தான் இருந்துச்சு.”

அத்தான் கேட்டைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். பென்சிலின் கால்களுக்கு அந்த மதில் ஒரு மலை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மென்மையாகத்தான் சொன்னார்.

“தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு ஆரம்பத்துலேருந்தே அதைப் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும். எங்கயாவது கொண்டுபோய் விட்டிருந்தா சொல்லிடுங்க. நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.”

சோபாக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

“அத்தான், அவர் கோவக்காரர். சந்தேகப் பிராணி. ஆனா பொய் சொல்ல மாட்டார். சாத்தியிருந்துச்சுன்னு அவர் சொன்னா சாத்தித்தான் இருந்துச்சு. இந்த வீட்டுல நின்னுகிட்டு அவரை அப்படிக் கேக்காதீங்க.”

இப்படி ஒரு பேச்சை, அதுவும் இன்னாரிடம், அவள் வாயால் கேட்க வேண்டும் என்று சோபாக்காரர் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பார். அது கிடைத்தது. கிடைத்த நேரத்தில் கையில் வாங்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. அத்தானோ முகம் சிவந்து, மன்னிக்க வேண்டும் என்று இவர் கையைப் பிடித்தார். அந்தக் கை இவருக்குத் தணல் மாதிரி சுட்டது.

அப்போது இவர் போன் அடித்தது. பல் டாக்டர் அம்மா.

“சோபாக்குள்ள என்ன வெச்சு அனுப்பியிருக்கீங்க? மேடம் அதுக்கு முன்னாடி நின்னுகிட்டு ஒருத்தரையும் உக்கார விடல. ஒரே குரைப்பு. வந்தவங்க எல்லாம் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டே இருக்காங்க.”

சரசரத்த ஸ்பிரிங். கனத்த சோபா. எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து சோபாக்காரரின் மண்டையில் அடித்தன. மனைவியைப் பார்த்தார்.

“நான் உன்னைக் கூப்பிடல” என்றார். “உள்ளே பாக்காம மூடிட்டேன்.”

அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் பாதி வார்த்தையிலேயே புரிந்துவிட்டது. பின் பிடுங்கும் குறட்டை எடுத்துக்கொண்டு காரில் முதலில் ஏறியவள் அவள்தான்.

கிளினிக்கில் அவர்கள் நுழைந்தபோது மேடம் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டி, ஆனாலும் இடத்தை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தது. இவர்களைக் கண்டதும் விலகி, இனி உங்கள் பாடு என்பது மாதிரி உட்கார்ந்துவிட்டது. சோபாக்காரர் முழங்காலிட்டுப் பின்களைப் பிடுங்கினார். தான் ஒழுங்காக வரிசை வைத்து அடித்த பின்கள். அவ்வளவு நெருக்கமாக ஏன் அடித்தோம் என்று இருந்தது. உள்ளே இருந்து சத்தமே இல்லை. காற்று இருந்திருக்குமா, தூக்கி இறக்கும்போது எங்காவது நசுங்கியிருக்குமா என்று நினைக்க நினைக்கக் குறடு வழுக்கியது. வேண்டாத நாய்தான். ஆனால் இப்போது அது உயிரோடு இருந்தால் போதும், காலமெல்லாம் அத்தானுக்கு நானே போன் போட்டுக் கொடுக்கிறேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

துணி ஒரு முழம் விலகியதும் மனைவி அவரைத் தள்ளிவிட்டு உள்ளே கையை விட்டாள். எப்போதும் துழாவுகிற மாதிரியேதான், மூலை மூலையாக. கை ஓரிடத்தில் நின்றது. அவள் முகத்தையே சோபாக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூடா இருக்கு” என்றாள். கண் நிறைந்துவிட்டது. “மூச்சு விடுது. தூங்குது.”

பென்சில் சோபாவின் கைப்பிடிப் பொந்துக்குள், கழிவுப் பஞ்சைப் பறித்து மெத்தை போட்டுக்கொண்டு, சுருண்டு கிடந்தது. மனைவி கூப்பிட்டாள். ஒரு கண் திறந்து மூடியது. அத்தான் அதட்டினார். அதே கண், அதே மரியாதை. கன்னத்தில் பஞ்சு வைத்திருந்த ஒருவர்கூட அந்தப் பஞ்சோடு சேர்த்து ஏதோ சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் எல்லோரும் கூப்பிட்டு ஓய்ந்த பிறகு, யாரும் கேட்காத நேரத்தில், அது தானாக வெளியே வந்தது. உடம்பை நீட்டிச் சோம்பல் முறித்தது. யார் முகத்தையும் பார்க்காமல் மேடத்தின் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தது. பிறகு சுற்றி வந்து, புதுச் சோபாவின் மேல் தாவ முயன்று, எட்டாமல், அதன் காலடியில் படுத்தது. மேடம் இரண்டடி தள்ளி, அதற்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

பின்துணியைத் திரும்ப அடிக்கும்போது சோபாக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“உள்ளே பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு” என்றாள் மனைவி. முந்தின நாளுக்குப் பிறகு அதுதான் அவரிடம் அவள் பதிலாகச் சொன்ன முதல் வார்த்தை.

வெளியே வந்ததும் அத்தான் காரில் ஏறச் சொன்னார். நடந்தே வருகிறோம் என்றாள் அவள். தயங்கி நின்று, நாய் இவ்வளவு தொந்தரவாக இருந்தால் தானே திரும்ப அழைத்துக்கொண்டு போவதாக அத்தான் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் சோபாக்காரர் பக்கம்தான் இருந்தது.

“இருக்கட்டும்ணே” என்றார் சோபாக்காரர்.

வார்த்தை எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. அத்தான் ஒரு கணம் விழித்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுக் காரை எடுத்தார்.

இருவரும் நடந்தார்கள். பென்சில், டாக்டர் அம்மா கொடுத்த கழுத்து வாரைப் பிடித்திருந்தவளை இழுத்துக்கொண்டு முன்னால் போனது. கொஞ்ச தூரம் போனதும் மனைவி கேட்டாள்.

“கேட்டை நீங்கதானே தெறந்து விட்டீங்க?”

இதற்கு மேல் மறைக்க இவரிடம் தெம்பு இல்லை. ஆமாம் என்றார்.

“தெரியும். அந்தக் கொண்டி கத்தினா தெருவுக்கே கேக்கும். மெஷின் ஓடினா நான் செவிடா?”

“தெரிஞ்சுமா அவர்கிட்ட அப்படிச் சொன்னே?”

“பின்ன? அவர் முன்னாடி உங்களை விட்டுக் குடுக்கவா?”

சோபாக்காரர் நின்றுவிட்டார். சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நின்ற இடத்திலேயே, இத்தனை வருஷமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்ததைக் கேட்டுவிட்டார். “அவர் கப்பலுக்குப் போகாம இருந்திருந்தா, நீ அவரைத்தானே கட்டியிருப்பே?”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

“நீங்க பொண்ணு கேட்டு வந்தப்போ அவர் ஊர்லதான் இருந்தார். லீவுல வந்திருந்தார். ரெண்டாவது தடவையா வந்து கேட்டார், கப்பல் வேலையை விட்டுடறேன்னு சொல்லிக்கூடக் கேட்டார். என்னைக் கூப்பிட்டு யாரை வேணும்னு அப்பா கேட்டார். நான் உங்களைச் சொன்னேன்.”

“ஏன் இதை ஒரு நாளும் சொல்லல?”

“நீங்க ஒரு நாளும் கேக்கல. எரிஞ்சீங்க, அவ்வளவுதான்.” பென்சில் ஒரு கம்பத்தடியில் நிற்க, அவளும் நின்றாள். “இன்னிக்குக் கேட் தெறந்துதானே கெடந்துச்சு. இது போச்சா? பிடிச்ச எடத்துல போய்ப் படுத்துக்கிச்சு. என்னை மட்டும் இத்தனை வருஷமா யாராவது பூட்டியா வெச்சிருந்தாங்க?”

வீடு வந்ததும் சோபாக்காரர் பட்டறைக்குள் போய் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து, கேட்டின் கொண்டிக்கு எண்ணெய் விட்டார். ஏற்றி இறக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. மேடம் வேண்டாம் என்று டாக்டர் அம்மாவுக்கு நாளைக்குச் சொல்லிவிடலாமா என்று உள்ளே பார்த்துக் கேட்டார். இன்றைக்கே சொல்லியாயிற்று என்று மெஷின் பக்கமிருந்து பதில் வந்தது. பென்சில் துணிகளுக்குள் புதைந்து, மூக்கு நுனியை மட்டும் வெளியே விட்டிருந்தது.

பாவம் அந்த மனுஷர், இவளுக்காக வேலையையே விடுகிறேன் என்றாராமே என்று முதல் தடவையாகக் கப்பல் அத்தான்மேல் அவருக்கு இரக்கம் வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து அந்த இரக்கத்தைக் கொஞ்ச நேரம் சுகமாக அனுபவித்தார். பிறகு, அவர் இரண்டு தடவை வந்து கேட்டிருக்கிறார், நாம் ஒரே ஒரு தடவைதானே கேட்டோம் என்பது நினைவுக்கு வந்தது. லேசாக எரிந்தது.